என் மார்புக் குழிக்கு நடந்த விசாரணை

என் மார்பின் நடுவில் ஒரு குழி உண்டு. மல்லாந்து படுத்தால் அதில் பதினான்கு புளியங்கொட்டைகள் நிற்கும், பதினைந்தாவது உருண்டுவிடும். இது சிறுவயதில் நானே எண்ணிப் பார்த்தது. அதன் பிறகு குழியும் என்னோடு சேர்ந்து வளர்ந்திருக்க வேண்டும். திரும்ப எண்ணிப் பார்க்க வாய்க்கவில்லை. சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் வேலையில் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், ஒரு மகளைப் பெற்றேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். அதனால் மெதுவாக நடந்து பழகிக்கொண்டேன். சட்டை போட்டுக்கொண்டு பார்க்கும் வேலை என்பதால் குழியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் அதே குழி என் பேரனின் மார்பில் தெரிந்தது. மருமகன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், குடும்பமும் அங்கேதான். பேரனுக்குச் சின்ன வயதில் லேசாக இருந்த பள்ளம், அவன் மளமளவென்று உயர்ந்த வருஷத்தில் ஆழமாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே சட்டையைக் கழற்றாமல் திரிந்தான். அருவிக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் வெற்றுடம்போடு நிற்க, இவன் நனைந்த சட்டையோடு ஓரமாக நிற்பான். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகுதான் சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அவரைச் சேர்க்காமல் அறையில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். என் சட்டையில் ஏழு பொத்தான். நான்கைக் கழற்றியதும் போதும் என்றார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு இளம் டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை வருஷத்தில் என் மார்பை ஆசையாகப் பார்த்தவர்கள் அந்த மூவர்தான்.

எனக்கு இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும், பேரனுக்குச் செய்தாக வேண்டும் என்றும் சொன்னார். அவனுக்கு அந்தப் பள்ளம் இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் மார்பை முன்பக்கம் நீளமாகத் திறந்து செய்த வேலையாம். இப்போது இரண்டு அக்குளுக்கும் கீழே ஒவ்வொரு சின்ன வெட்டு, காமிரா நுழைய இன்னொரு துளை. ஆக மூன்று ஓட்டை. அந்தப் பையனின் மார்புக்கு ஏற்றபடி வளைத்த உலோகப் பட்டை ஒன்றை ஒரு பக்கம் நுழைத்து, நடு எலும்புக்கு அடியில் கொண்டுபோய், மறுபக்கம் எடுத்து, பிறகு அப்படியே புரட்டிவிடுவார்கள். புரட்டியதும் வளைவு மேலே வந்து எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷம் உள்ளேயே கிடக்கும். எலும்பு புது இடத்துக்குப் பழகிய பின் உருவி எடுத்துவிடலாம். இளம் வயதில் எலும்பு சொன்னபடி கேட்கும் என்பதால் இப்போதே செய்வது நல்லது என்றார்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். பட்டை துருப்பிடிக்குமா, உள்ளே புரளுமா, இடி மின்னலில் பையன் வெளியே போகலாமா. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சிரித்தார். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. புரளாதபடி பக்கவாட்டில் கட்டித்தான் வைப்போம், பையனும் கொஞ்ச நாள் ஒருக்களிக்காமல் மல்லாந்தே படுக்க வேண்டும் என்றார். எனக்கு அன்றிலிருந்தே தூக்கம் போயிற்று.

எழுந்து வரும் நேரத்தில் மகள் ஒன்று கேட்டாள். குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டுகிற சமயத்தில் தான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டோமோ என்று.

“யார் கையும் காரணம் இல்லம்மா,” என்றார் டாக்டர். “விலா எலும்பையும் நடு எலும்பையும் சேர்க்கிற குருத்தெலும்பு கோணலா வளருது. அது நடு எலும்பை உள்ள தள்ளிடுது. அவ்வளவுதான்.”

இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன் நான். எனக்குக் காது மந்தம் என்று நினைத்து, அதையே சத்தமாகச் சொன்னார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஓட்டை சின்னதே தவிர வலி சின்னதில்லை. பையன் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தான். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். குழாயில் வாய் வைத்துக் காற்றை இழுத்தால் உள்ளே இருக்கிற மூன்று பந்துகளும் ஒவ்வொன்றாக மேலே எழ வேண்டும். ஒன்றில் ஆரம்பித்தவன், ஊருக்குக் கிளம்பும்போது மூன்றையும் எழுப்பினான். “தாத்தா, நீங்க இழுங்க பாக்கலாம்,” என்று என்னிடம் நீட்டினான். நான் ஒன்றரை எழுப்பினேன். அரைக்கு மார்க் கிடையாது என்றுவிட்டான்.

மலைப்பாதையின் வளைவுகளில் உடம்பு குலுங்கக் கூடாது என்று கள்ளக்குறிச்சியில் என் வீட்டிலேயே அவனைக் கிடத்தினோம். பார்க்க வந்தவர்களில் அடுத்த வீட்டுக்காரம்மா ஒருத்தி. சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, பையனின் மார்பைப் பார்த்துவிட்டு, மகளைப் பார்த்து, “சின்னதுல யாரும்மா இவனுக்குத் தண்ணி ஊத்தினது? நெஞ்சிய ஜாஸ்தி அமுக்கிட்டாங்க போலக்குது,” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழத்தை உரித்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. டாக்டர் சொன்னதை அந்த அம்மாளுக்கு வார்த்தை விடாமல் நான் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பெரியவர்கள் சொல்வதும் பொய்யாகப் போகாதே என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோனாள்.

இதே கேள்வியை எங்கள் வீட்டில் ஒருமுறை முறைப்படி விசாரித்து, தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தங்கை பிறந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் அக்காதான். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் குழந்தையைப் போட்டுக்கொள்வாள். எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி எடுப்பாக்கி, நெற்றியை அழுத்தி, தலையை உருட்டி, மார்பையும் வயிற்றையும் அமுக்கிவிட்டு வெந்நீரை ஊற்றுவாள். குழந்தை என்பது ஈர மண் மாதிரி, பிடிக்கிறபடி பிடித்துக்கொள்ளலாம் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. அத்தையின் கை முறம் அகலம். அவள் குளிப்பாட்டினால் குழந்தை ஒரு பொழுது முழுக்கத் தூங்கும் என்று ஊரில் பெயர். எனக்கும் அவள்தான் ஊற்றினாள்.

தங்கைக்குத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தபோது, தலையில் துணி கட்டிப் படுத்திருந்த அம்மா, “அண்ணி, நெஞ்சில மட்டும் கொஞ்சம் மெதுவா,” என்றாள். ஐந்து சொற்கள். அவ்வளவுதான்.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள். “அப்போ இவன் நெஞ்சிய நான்தான் அமுக்கிப்புட்டேன்னு சொல்ற,” என்றாள். அப்படிச் சொல்லவில்லை என்று அம்மா சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நான் குழந்தையாக இருந்தபோது இருமலும் சளியுமாக இருந்தேனாம். அம்மா இரவெல்லாம் என் மார்பில் கையை வைத்தபடியே தூங்குவாளாம். அத்தைக்கு அதெல்லாம் ஞாபகம் வந்தது. ராவெல்லாம் கையைப் பாரமாகப் போட்டுக்கொண்டு கிடந்தது யார், நானா என்று கேட்டாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று வெளியிலேயே நின்றிருந்த அப்பா, வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார்.

“தம்பி, இது எவ கையின்னு இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குத் தெரியணும். தெரிஞ்சா, அந்தக் கை இந்தப் பொண்ணு நெஞ்சில படக்கூடாது. நானா இருந்தாலும் செரி, உம் பொண்டாட்டியா இருந்தாலும் செரி.”

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கண்டுபிடிக்கிறவரை தங்கைக்குக் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி என்று முடிவாயிற்று. மணலூர்பேட்டையில் இருந்த என் மாமாவுக்கு ஆள் போயிற்று.

மாமா அம்மாவுக்கு அண்ணன். கரும்பு ஆட்டி அச்சு வெல்லம் ஊற்றுகிறவர். ஒரு வெல்லத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே, எந்த மரப்பலகையில் எத்தனையாவது குழியில் ஊற்றியது என்று சொல்லிவிடுவதாக அவருக்கு எண்ணம். அச்சில் ஒரு கீறல் இருந்தால் வெல்லத்திலும் இருக்கும்; இதில் தப்பவே முடியாது என்பார். என் மார்பில் இருக்கிற குழியும் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. குழி இருக்கிறது என்றால் அதில் ஒன்று பதிந்திருக்கிறது. பதிந்தது எதுவோ அது மறுபடி வைத்தால் இடைவெளி இல்லாமல் உட்காரும். தன் தங்கையின் மேல் பழி நிற்காது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அத்தையின் கைதான் என்று வரும்போதே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். நிரூபிப்பது மட்டும்தான் பாக்கி.

நடுவீட்டில் பாய் விரித்து என்னைச் சட்டையில்லாமல் படுக்கவைத்தார்கள். கைக்குழந்தையைச் சேர்க்காமல் ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சியையும் அழைத்திருந்தார்கள். மாமா சாமி மாடத்திலிருந்து திருநீற்று மடலை எடுத்துவந்து, என் குழி முழுவதும் திருநீற்றைத் தூவி, விரலால் சமமாக நிரவினார். கைக்குழந்தையில் என்னைத் தொட்டு வளர்த்த மூன்று பெண்களும் ஆளுக்கு ஒருமுறை உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். எந்தக் கை திருநீற்றை மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டு வருகிறதோ, அதுதான் குழி செய்த கை. அரிசி மாவிலேயே பார்க்கலாமே என்று அப்பா இழுத்தார்.

“மாவுன்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும் மச்சான். இது சாமி துண்ணூறு. அப்பறம் எவரும் இல்லைன்னு சொல்லக்கூடாது,” என்றார் மாமா.

எனக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, முறை வைத்து என்னைத் தொடப்போகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. திருவிழாவில் நடக்கிற போட்டி மாதிரி இது ஒரு போட்டி, பரிசு நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். திருநீறு குளுகுளுவென்று இருந்தது. சிரிப்பு வந்தது, மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மருத்துவச்சி முதலில் வந்தாள். தன் கை பட்டுக் குழி விழுவதாக இருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் குழியோடுதான் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். வாதத்தில் முடிச்சு விழுந்த விரல்கள் அவளுக்கு. கையை எடுத்தபோது மூன்று இடத்தில் பொட்டு வைத்த மாதிரி வெள்ளை ஒட்டியிருந்தது. மாமா மறுபடி நிரவினார்.

அடுத்தது அத்தை. அவள் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கையை வைத்தாள். அந்தக் கை, பானையை மூடுகிற தட்டு மாதிரி குழியின் மேல் கிடந்தது, உள்ளே இறங்கவில்லை. எடுத்தபோது ஓரங்களில் மட்டும் வெள்ளை. குழியில் போட்டது போட்டபடி இருந்தது. அத்தை உள்ளங்கையை விரித்துச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

மாமாவின் முகம் மாறியது. “இன்னும் கொஞ்சம் அழுத்தி வைங்கக்கா,” என்றார்.

“ஏன், இன்னொரு குழி வேணுமா?” என்றாள் அத்தை.

சிரிப்பு அடங்கியதும், இத்தோடு போதும் என்று மாமா சொல்லிப் பார்த்தார். பச்சை உடம்புக்காரி, எதற்கு அவளை எழுப்ப வேண்டும் என்றார். “அவ எழுந்திருக்க வாணாம். கை மட்டும் வந்தா போதும்,” என்றாள் அத்தை.

அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுடையது சின்னக் கை. சின்ன அளவு வளையலே அவளுக்கு நழுவும். அந்தக் கை வந்து என் மார்பில் இறங்கி உட்கார்ந்தது. மற்ற இரண்டும் மேலே பட்ட கைகள். இது மட்டும் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. எடுத்தபோது மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை உள்ளங்கை முழுக்க வெள்ளை. ரேகைகூடத் தெரியவில்லை. என் குழி துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

 மூன்று பேரில் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படுத்த இடத்திலேயே கை தட்டினேன்.

கை சின்னதாக இருந்தால் எந்தக் குழியிலும் உட்காரும், இதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று மாமா ஆரம்பித்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதைச் சொல்கிற உரிமை அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் இல்லை.

“துண்ணூறு நீ போட்டது. கை உன் தங்கச்சிது. இதுல நான் இன்னா பண்ணட்டும்?” என்றாள் அத்தை.

மாமா சாப்பிடாமல் கிளம்பிப்போனார். கொண்டுவந்த வெல்லப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனார்; அதில் முப்பத்திரண்டு வெல்லம் இருந்தது. கையில் ஒட்டிய திருநீற்றைத் தட்டி உதறக் கூடாது என்பதால், அம்மா அதை என் நெற்றியில் பூசினாள். தொட்டிலில் கிடந்த தங்கைக்குப் பூசவில்லை.

அன்றைக்கே அத்தை தங்கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராளம் அவளுக்கும் வந்தது; மார்பில் அழுத்தாமல் மெதுவாகவே ஊற்றினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. அத்தையே மறந்த பிறகும் அம்மாதான் அந்தத் தீர்ப்பை நடத்திவந்தாள். தங்கையைத் தூக்கினால் அக்குளில் பிடித்துத் தூக்குவாள். தோளில் போட்டால் முதுகைத் தட்டுவாள். சளி கட்டினால் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மார்பில் தைலம் தேய்க்கச் சொல்வாள். தங்கையின் மார்பு பலகை மாதிரி தட்டையாக வளர்ந்தது. அதனால் தீர்ப்பு சரிதான் என்று எல்லோருக்கும் ஆயிற்று, அம்மாவுக்கும் ஆயிற்று. டாக்டர் சொன்னதை அவளிடம் போய்ச் சொல்ல இப்போது வழியில்லை.

தங்கை உட்காரப் பழகி, அத்தை வருவது நின்ற பின்னால், சனிக்கிழமைகளில் அம்மாதான் எங்களுக்கு எண்ணெய் தேய்த்தாள். முதலில் எனக்கு. தலை, முதுகு, கை, கால், கடைசியில் மார்பு. அவள் உள்ளங்கை எப்போதும்போல் குழியில் போய் உட்காரும். பிறகு தங்கையை மடியில் குப்புறப் போட்டுத் தேய்ப்பாள். மல்லாக்கத் திருப்பியதும் கையை எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை அப்பா பக்கம் நகர்த்துவாள். அப்பாவுக்கு மாடு தேய்த்துப் பழக்கப்பட்ட கை. தங்கை அம்மாவைப் பார்த்து அழுவாள். அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். எண்ணெய் வழிய நான் பக்கத்தில் நிற்பேன். தங்கையைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் என்ன செய்வது, அம்மா போட்டியில் ஜெயித்தது என்னைத்தானே, அவளை இல்லையே.